நேரலைக்கு ஒரு தனிக் கணினி

கணினி விளையாட்டு ஒன்றை ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே பிறர் அதை இணையத்தில் நேரலையாகக் காண்பதற்கு இரண்டு பெரிய வேலைகள் நடந்தாக வேண்டும். நொடிக்கு அறுபது முறை புதிய படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது ஒன்று, வரையப்பட்ட அந்தப் படங்களை இணைய இணைப்பு தாங்கும் அளவுக்குச் சுருக்கி வெளியே அனுப்புவது மற்றொன்று. இரண்டும் ஒரே கணினியில் நடக்கும்போது ஒன்றுக்குக் கிடைக்க வேண்டிய கணக்கிடும் நேரத்தை மற்றொன்று எடுத்துக்கொள்வதால், சுருக்கும் வேலைக்கென்றே இரண்டாவது கணினியை ஒதுக்கும் வழக்கம் நேரலை செய்வோரிடையே பரவியது. கோவில்பட்டியைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் கணினி விளையாட்டு ஆடும் இளைஞர்களோடு நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டின் ஹாக்கி நகரம் எனப் பெயர் பெற்ற அவ்வூரில், மைதானத்தின் ஓரத்தில் கேமராவை நிறுத்தி ஒரு மடிக்கணினியின் துணையோடு ஆட்டத்தை நேரலை செய்பவரும், ஆட்டப் புள்ளிகளைத் திரையில் பதிப்பது, கேமராக்களை மாற்றுவது, மறுகாட்சி காட்டுவது, படத்தைச் சுருக்குவது ஆகிய அனைத்தையும் ஒரே இயந்திரத்தின் மீது சுமத்தும்போது அதே நெருக்கடியைத்தான் சந்திக்கிறார். திரைக்குள் ஆடப்படும் விளையாட்டும் தரையில் ஆடப்படும் விளையாட்டும் சுருக்கும் நிரலுக்கு வேகமாக மாறும் படங்களின் வரிசையே.

சுருக்கம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதைச் சில எண்களே காட்டிவிடும். 1920 படப்புள்ளி அகலமும் 1080 படப்புள்ளி உயரமும் கொண்ட முழு உயர்தெளிவுப் படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க 24 பிட்டுகள் தேவைப்படுவதால், நொடிக்கு 60 சட்டகங்கள் என்ற கணக்கில், சுருக்கப்படாத காணொளி ஒரு நொடியில் ஏறத்தாழ 299 கோடி பிட்டுகளை விழுங்கும். விளையாட்டு நேரலைக்குப் பெயர்பெற்ற ட்விச் தளம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் மேல்வரம்பு நொடிக்கு 60 லட்சம் பிட், அதாவது 6 மெகாபிட். ஆகவே பார்வையாளரைச் சென்றடைவது மூலப் படத்தின் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்கே. எஞ்சிய 499 பங்கையும் கண்ணுக்குத் தெரியாமல் கழித்துவிட வேண்டிய பொறுப்பு குறியாக்கி எனப்படும் நிரலின் மீதோ சில்லின் மீதோ விழுகிறது. படத்தின் தரம் அந்தக் கழித்தல் எவ்வளவு நிதானமாகச் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இந்தக் கழித்தலின் அடிப்படை, அடுத்தடுத்த சட்டகங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதே. 2003-ஆம் ஆண்டு வெளியாகி இன்றும் நேரலையில் மிகுதியாகப் பயன்படும் எச்.264 தரநிலையில், சட்டகம் 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. குறியாக்கி ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்துக்கொண்டு, அதை ஒத்த பகுதி முந்தைய சட்டகங்களில் எங்கே இருந்தது என்று தேடி, கிடைத்துவிட்டால் முழுக் கட்டத்தையும் அனுப்பாமல், அது எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதையும் எஞ்சிய சிறு வேறுபாட்டையும் மட்டும் அனுப்புகிறது. அசையாத கேலரிச் சுவருக்கு இதனால் ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. கேமரா சீராகத் திரும்பினாலும் எல்லாக் கட்டங்களும் ஒரே திசையில் நகர்வதால் செலவு குறைவே. ஆனால் மைதானத்துக்குப் பின்னால் காற்றில் ஆடும் கம்பங்கதிர்களோ, கூட்டத்தில் எழுந்து கைதட்டும் நூறு பேரோ, தளத்தின் மீது தெறிக்கும் நீர்த்துளிகளோ தத்தம் போக்கில் அசைவதால், முந்தைய சட்டகத்தில் அவற்றுக்கு ஒத்த பகுதி கிடைப்பது அரிது. கணினி விளையாட்டில் புல்வெளி, மழை, வெடிப்பு, புகை ஆகியவை இதே வகையைச் சேர்ந்தவை.

தேடலுக்குப் பின் எஞ்சும் வேறுபாட்டைச் சுருக்கும் கணிதத்துக்கு இந்தியர்களோடு நெருங்கிய தொடர்பு உண்டு. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, ஒரு படப்பகுதியின் புள்ளிகளை மெதுவாக மாறும் அலைகளாகவும் விரைந்து மாறும் அலைகளாகவும் பிரித்தெழுதும் முறை ஒன்றை ஆராய 1972-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், நிதி மறுக்கப்பட்டது. அவர் தம் ஆய்வு மாணவர் டி. நடராஜனுடனும், நண்பர் கே. ஆர். ராவுடனும் சேர்ந்து அந்த வேலையை முடித்து 1974 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையே தனித்த கொசைன் உருமாற்றத்தை உலகுக்குத் தந்தது. ஒளிப்படங்களைச் சுருக்கும் ஜேபெக் முதல் எச்.264 வரை அதன் நேரடியான அல்லது தோராயமான வடிவங்களே இயங்குகின்றன. மனிதக் கண் விரைந்து மாறும் நுண்ணிய அலைகளைச் சரியாகக் கவனிப்பதில்லை என்பதால், குறியாக்கி அவற்றின் அளவுகளை முரட்டுத்தனமாக முழுமைப்படுத்திப் பெரும்பாலானவற்றைச் சுழியாக்கிவிடுகிறது. பிட்டுகள் போதாதபோது இந்த முழுமைப்படுத்தல் இன்னும் முரடாகி, நுண்ணிய அலைகளோடு பயனுள்ள விவரமும் அழிந்து, படம் சதுரம் சதுரமாகச் சிதைகிறது. வேகமான காட்சிகளில் நேரலைப் பார்வையாளர் காணும் அந்தச் சதுரங்கள், குறியாக்கியின் கட்டங்கள் வெளியே தெரிவதன்றி வேறல்ல.

குறியாக்கிக்குக் கிடைக்கும் நேரமே இங்கு முதன்மையானது. 1080 வரிகளை 16 சரியாக வகுக்காததால் 68 வரிசைக் கட்டங்கள் தேவைப்படுகின்றன. வரிசைக்கு 120 கட்டங்கள் என்றால் சட்டகத்துக்கு 8,160 கட்டங்களும், நொடிக்கு 60 சட்டகங்களில் 4,89,600 கட்டங்களும் ஆகின்றன. ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி மட்டுமே என்பதால், எவ்வளவு தூரம் தேடுவது, எத்தனை பழைய சட்டகங்களைப் புரட்டுவது, வரவிருக்கும் எத்தனை சட்டகங்களை முன்கூட்டியே பார்த்துப் பிட்டுகளைப் பங்கிடுவது என்பவற்றைக் குறியாக்கி சுருக்கிக்கொள்ள நேர்கிறது. எக்ஸ்264 என்ற கட்டற்ற குறியாக்கியில் இந்தப் பேரம் முன்னமைவுகளாக வெளிப்படையாகவே வைக்கப்பட்டுள்ளது: ‘வெரிஃபாஸ்ட்’ என்னும் மிக விரைவு முன்னமைவு ஒரே ஒரு பழைய சட்டகத்தை மட்டும் ஒப்பீட்டுக்குக் கொண்டு 10 சட்டகங்களை முன்னோக்கிப் பார்க்கிறது, ‘மீடியம்’ 3 பழைய சட்டகங்களையும் 40 வருங்காலச் சட்டகங்களையும், ‘ஸ்லோ’ 5 பழைய சட்டகங்களையும் 50 வருங்காலச் சட்டகங்களையும் கருத்தில் கொள்கிறது. பிட் வீதம் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தாலும், நிதானமாகத் தேடியது நல்ல பொருத்தங்களைக் கண்டுபிடித்துவிடுவதால் அனுப்ப வேண்டிய வேறுபாடு குறைந்து, மிஞ்சும் பிட்டுகள் விவரங்களைக் காக்கச் செலவாகின்றன. தாராளமான பதிவேற்ற வேகம் உள்ள இடத்தில் விரைவு முன்னமைவின் குறையைக் கூடுதல் பிட்டுகளால் மறைத்துவிடலாம்; பதிவேற்ற வேகம் குறைவான ஊரிலோ, பிட்டுகளை வாங்க வேறு வழியில்லாததால், கணக்கிடும் நேரத்தைக் கொடுத்துத்தான் படத்தரத்தை வாங்க வேண்டும். இரண்டாவது கணினியின் பயன் முழுவதும் இந்தப் பண்டமாற்றில் அடங்கியுள்ளது.

ஒரே கணினி இரு வேலைகளையும் செய்யும்போது நேர்வது வெறும் நேரப் பற்றாக்குறை அன்று. மிகக் கெட்ட வேளையில் வரும் பற்றாக்குறை. விளையாட்டில் ஒரு கட்டடம் வெடித்துச் சிதறும் கணத்தில் படத்தை வரையும் சுமை உச்சத்தை எட்டுகிறது. அதே கணத்தில் முந்தைய சட்டகத்தோடு ஒப்புமை இல்லாத படங்கள் வருவதால் சுருக்கும் சுமையும் உச்சத்தை எட்டுகிறது. ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளின் புள்ளிவிவரப் பலகை இதன் விளைவுகளை மூன்று தனித்தனி எண்களாகக் காட்டுகிறது: கிராபிக்ஸ் கார்டுக்கு நேரமில்லாமல் தவறிய சட்டகங்கள், குறியாக்கிக்கு நேரமில்லாமல் தவறிய சட்டகங்கள், இணைய இணைப்பு தாங்காமல் கைவிடப்பட்ட சட்டகங்கள். முதல் இரண்டும் உயர்ந்தால்தான் தனிக் கணினியைப் பற்றி எண்ண வேண்டும். மூன்றாவது எண் மட்டும் உயரும்போது எத்தனை கணினிகளைச் சேர்த்தாலும் பயனில்லை. இந்தப் பலகையைப் பார்க்காமலேயே செலவு செய்துவிடுவது நேரலை உலகில் மிகவும் பரவலான, வருந்தத்தக்க வழக்கம்.

தனிக் கணினி அமைப்பில், விளையாடும் கணினியின் எச்டிஎம்ஐ வெளியீடு கேப்சர் கார்டு என்ற கருவியின் வழியே இரண்டாவது கணினிக்குள் நுழைகிறது. அந்தக் கருவி தான் பெறும் படத்தை ஒருபுறம் விளையாடுபவரின் திரைக்கு அப்படியே கடத்திவிட்டு, மறுபுறம் அதன் நகலை இரண்டாவது கணினியின் நினைவகத்தில் சேர்க்கிறது. கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலில் குச்சி முனையில் மருந்து முக்கும் வேலை ஓரிடத்திலும் பெட்டி ஒட்டும் வேலை வேறிடத்திலும் நடந்ததால் ஒன்றின் தாமதம் மற்றொன்றை நிறுத்தாமல் இருந்ததைப் போல, இங்கேயும் வரையும் வேலை எவ்வளவு திணறினாலும் சுருக்கும் வேலை தன் 16.7 மில்லிநொடியை முழுமையாகப் பெறுகிறது. கேப்சர் கார்டு இன்றி, உள்வலையமைப்புக் கம்பி வழியாகவே படத்தை அனுப்பும் என்டிஐ போன்ற முறைகளும் உண்டு. அவை தாமே ஒரு மெல்லிய சுருக்கத்தைச் செய்வதோடு, முழு உயர்தெளிவுப் படத்துக்கு நொடிக்கு 100 மெகாபிட்டுக்கும் மேல் கேட்பதால், கம்பியில்லா வைஃபையில் அவற்றை நம்புவது அறிவுடைமை ஆகாது.

இரு கணினிகளையும் இணைக்கும் அந்த மூட்டில்தான் பெரும்பாலான நேரலைகள் தம் தரத்தை இழக்கின்றன. அங்கே இழந்ததைக் குறியாக்கி எவ்வளவு நிதானமாக உழைத்தாலும் மீட்க முடியாது. முதலாவது, இணைப்பின் அகலம். யூஎஸ்பி 2.0 துளையின் உச்சவேகம் நொடிக்கு 480 மெகாபிட்டாக இருக்க, நிறத்தகவல் கால் பங்காகக் குறைக்கப்பட்ட முழு உயர்தெளிவுப் படமே 60 சட்டகங்களுக்கு ஏறத்தாழ 1,490 மெகாபிட் கேட்கிறது. ஆகவே விலை மலிந்த யூஎஸ்பி 2.0 கேப்சர் குச்சிகள் படத்தைத் தமக்குள்ளேயே ஒருமுறை நசுக்கி, பெரும்பாலும் 30 சட்டகங்களாகக் குறைத்து அனுப்புகின்றன. நசுங்கிய படத்தின் கறைகளை இரண்டாவது கணினி உண்மையான விவரம் என்று நம்பி, அரிய பிட்டுகளை அவற்றைக் காப்பதில் வீணாக்குகிறது. யூஎஸ்பி 3.0 துளையோ தாய்ப்பலகையில் செருகும் கார்டோ இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். ஆனால் யூஎஸ்பி 3.0 கார்டைத் தவறுதலாகப் பழைய துளையில் செருகினாலும் அதே சீரழிவு நேரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நிறங்களின் வரம்பு. கணினி கருமையை 0 என்றும் வெண்மையை 255 என்றும் குறிக்க, தொலைக்காட்சி மரபில் வளர்ந்த கருவிகள் கருமையை 16 என்றும் வெண்மையை 235 என்றும் குறிக்கின்றன. ஒரு கருவி முழு வரம்பில் அனுப்புவதை மற்றொன்று குறுகிய வரம்பு எனப் புரிந்துகொண்டால், 16-க்குக் கீழான நிழல்கள் யாவும் ஒரே கருமையாகி, இருட்டறையில் ஒளிந்திருக்கும் உருவங்கள் மறைந்துபோகும். மாறாகப் புரிந்துகொண்டால் கருமை சாம்பலாகிப் படம் முழுவதும் வெளிறிவிடும். கிராபிக்ஸ் கார்டின் அமைப்பிலும் கேப்சர் கார்டின் அமைப்பிலும் நேரலை மென்பொருளிலும் ஒரே வரம்பைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்துவிடும் இந்தக் குறைக்கு எந்தச் செலவும் இல்லை. இருந்தும் வெளிறிய நேரலைகள் ஏராளமாகக் காணக் கிடைக்கின்றன. மூன்றாவது, திரையின் புதுப்பிப்பு வேகம். 144 முறை புதுப்பிக்கும் திரையின் படத்திலிருந்து 60 சட்டகங்களை எடுக்கும்போது, 144-ஐ 60 வகுத்தால் 2.4 என்ற பின்னம் வருவதால், சில சட்டகங்கள் இரண்டு துடிப்புக்கு ஒருமுறையும் சில மூன்று துடிப்புக்கு ஒருமுறையும் எடுக்கப்பட்டு அசைவு வெட்டி வெட்டித் தெரிகிறது. திரையை 120-க்கு மாற்றினால் சரியாக இரண்டுக்கு ஒன்று என அமைந்து அசைவு சீராகும்.

இவ்வளவும் கேமரா கொண்டு எடுக்கும் ஆட்டத்துக்கும் பொருந்துவதோடு, அங்கே இயற்பியலும் தன் பங்குக்குச் சில தடைகளை வைக்கிறது. இதற்குக் கோவில்பட்டியின் ஹாக்கியையே எடுத்துக்கொள்ளலாம். ஜகார்த்தாவில் 2022-இல் நடந்த ஆசிய ஹாக்கிக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் கோவில்பட்டியில் ஆடி வளர்ந்தவர்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடைபெறுவதும், இளையோர் ஆடவர் தேசியச் சாம்பியன் பட்டப் போட்டி 2022 மே மாதம் நடந்ததும் அதே ஊரில்தான். இத்தகைய ஆட்டங்களை மைதானத்துக்கு வர இயலாத இடைசெவல், கழுகுமலை, எட்டயபுரம் ஊரார் கைபேசியில் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பது எளிய விருப்பமாகத் தோன்றினாலும், குறியாக்கிக்கு ஹாக்கியை விடக் கடினமான ஆட்டங்கள் சிலவே. ஆடுகளத்தின் நீளம் 91.4 மீட்டர், பந்தின் சுற்றளவு 224 முதல் 235 மில்லிமீட்டர், அதாவது விட்டம் ஏழரை சென்டிமீட்டருக்குள். கேமரா ஆடுகளத்தின் பாதியைச் சட்டகத்துக்குள் அடக்கினால் ஒரு மீட்டருக்கு 42 படப்புள்ளிகள் கிடைக்க, பந்து மூன்று புள்ளி அகலமே பெறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து, நொடிக்கு 50 சட்டகங்கள் எடுக்கும் கேமராவில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 56 சென்டிமீட்டர், அதாவது 23 புள்ளிகள் தாண்டுகிறது. 25 சட்டகங்கள் என்றால் 47 புள்ளிகள். மூன்று புள்ளி அகலமுள்ள ஒன்று இத்தனை தூரம் தாவும்போது, விரைவு முன்னமைவிலுள்ள குறியாக்கி அதைத் தேடிப் பிடிக்காமல் தேவையற்ற நுண் விவரம் என்று முடிவு செய்து அழித்துவிட வாய்ப்பு உண்டு.

ஆகவே ஹாக்கி நேரலையில் தெளிவுத்திறனை விடச் சட்டக வேகமே முதன்மையானது. நொடிக்கு 4 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் இணைப்பில் 1080 வரிகளும் 50 சட்டகங்களும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு புள்ளிக்கு 0.039 பிட் கிடைக்க, 720 வரிகளுக்கு இறங்கினால் 0.087 பிட், அதாவது இரண்டேகால் மடங்கு கிடைக்கிறது. 720 வரிப் படத்தில் பந்து இரண்டு புள்ளியாகச் சுருங்குவது உண்மையே; ஆனால் உருக்குலையாத இரண்டு புள்ளிகளே சதுரங்களுக்குள் கரைந்துபோன மூன்று புள்ளிகளைக் காட்டிலும் பயனுள்ளவை. பந்தைக் கண் பின்தொடர உதவுவதில் நிறமும் பெரும் பங்கு வகிக்கிறது. நேரலைக் குறியாக்கம் பொதுவாக ஒளிர்வை முழுத் தெளிவிலும் நிறத்தை அகலம், உயரம் இரண்டிலும் பாதித் தெளிவிலும் அனுப்புகிறது. 4:2:0 என்று குறிக்கப்படும் இம்முறையில் ஒளிர்வு ஒத்து நிறம் மட்டும் வேறுபடும் சிறு பொருட்கள் பின்னணியில் கலந்துவிடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீலத் தளமும் மஞ்சள் பந்தும் அறிமுகமானபோது தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. மஞ்சள் மிகுந்த ஒளிர்வும் நீலம் மிகக் குறைந்த ஒளிர்வும் கொண்டவை என்பதால், நிறத்தகவல் கால் பங்காகக் குறைந்த பின்பும் பந்து ஒளிர்வின் வழியாகவே பிழைத்துக்கொள்கிறது.

மாலையில் விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களில் இந்திய மின்சாரத்தின் துடிப்பும் கணக்கில் சேர்கிறது. நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டத்தில் எரியும் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. அதை 60 சட்டகங்கள் எடுக்கும் கேமராவால் பிடித்தால் ஒவ்வொரு சட்டகமும் துடிப்பின் வெவ்வேறு கட்டத்தில் விழுந்து படம் முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும். அது பார்வையாளருக்குத் தொல்லை என்பதோடு, ஒளிர்வு ஒவ்வொரு சட்டகத்திலும் மாறுவதால் எந்தக் கட்டமும் முந்தையதோடு பொருந்தாமல் பிட் செலவு ஏறிவிடுகிறது. 50 சட்டகங்களும், 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்கு நொடித் திறப்பும் என்று கேமராவை அமைத்தால் துடிப்பு அடங்கும். ஆனால் 50-இல் ஒரு பங்கு நொடித் திறப்பில் விரைந்தோடும் பந்து 56 சென்டிமீட்டர் நீளக் கோடாக இழுபடும். பந்தைப் பந்தாகவே காட்ட 500-இல் ஒரு பங்கு நொடித் திறப்பு வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போதாமல் கேமராவின் உணர்திறனை உயர்த்தினால் படம் முழுவதும் மணல் தூவியதைப் போன்ற இரைச்சல் படர்கிறது. சட்டகத்துக்குச் சட்டகம் மாறும் இந்த இரைச்சல்தான் குறியாக்கிக்கு ஆகக் கொடிய எதிரி. விலையுயர்ந்த கணினியை விட நல்ல விளக்கும், ஆடாத முக்காலியும், மாலை வெயில் லென்சில் விழாதபடி மேற்குப் பக்கம் அமைந்த கேமரா மேடையும் அதிகத் தரம் தரும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஒலியின் தாமதத்தையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். கேப்சர் கார்டின் வழியே வரும் படம் சற்றுத் தாமதித்தே கணினியை அடைவதால், நேரடியாக இணைந்த மைக்கின் ஒலி முந்திக்கொள்ளும்; அதை மென்பொருளில் சில பத்து மில்லிநொடிகள் பின்தள்ளிச் சரிசெய்வார்கள். மைதானத்தில் இது தலைகீழாகலாம்: ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் பயணிப்பதால், 60 மீட்டர் தொலைவிலுள்ள கேமரா மைக்கை மட்டையின் ஓசை வந்தடைய 176 மில்லிநொடி, அதாவது ஏறக்குறைய ஒன்பது சட்டகங்கள் ஆகும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மைக்கை வைத்தால் அடியும் ஓசையும் ஒன்றுசேரும்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தின் கோடை, கணினிகளையும் சோதிக்கிறது. செயலி ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை எட்டும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. குளிர்விப்பான் செயலியின் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றுக்குத்தான் கடத்த முடியும் என்பதால், 25 டிகிரி அறையில் 80 டிகிரியில் இயங்கும் செயலி, 40 டிகிரியை நெருங்கும் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் 95 டிகிரியைத் தொட்டு வரம்பின் விளிம்பில் நிற்கும். உழுத கரிசலிலிருந்து காற்றோடு கிளம்பும் நுண்ணிய மண் விசிறியின் இறக்கைகளிலும் குளிர்விப்பானின் தகடுகளிடையிலும் படிந்து காற்றோட்டத்தைக் குறைக்க, ‘ஸ்லோ’ முன்னமைவில் காலை முழுவதும் நன்றாக ஓடிய நேரலை பிற்பகலில் சட்டகங்களைத் தவறவிடத் தொடங்குகிறது. சுமை இரண்டு கணினிகளுக்குப் பகிரப்படும்போது வெப்பமும் இரண்டு பெட்டிகளுக்குப் பகிரப்படுகிறது என்பது, குளிரூட்டப்பட்ட அறைகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இடம்பெறாத, ஆனால் இந்த மண்ணில் மிகவும் மதிப்புள்ள நன்மை. மடிக்கணினியை மேசையோடு ஒட்டி வைக்காமல் உயர்த்தி வைப்பதும், விசிறியை மாதந்தோறும் துடைப்பதும், கணினிக்கு மட்டுமின்றி இணைய மோடத்துக்கும் யூபிஎஸ் இணைப்புத் தருவதும் இங்கே படத்தரத்தின் பகுதிகளே.

பதிவேற்ற வேகத்தைப் பொறுத்தவரை நிலைமை மாறிவருகிறது. பழைய தொலைபேசிக் கம்பி வழி இணைப்புகளில் மேலேற்றும் வேகம் ஒரு மெகாபிட்டைத் தாண்டுவதே அரிதாக இருந்தது; கண்ணாடி இழை இணைப்புகள் நகரத்துக்குள் வந்த பின் அந்தத் தடை பெரிதும் விலகியது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் ஊர்ப்புற மைதானங்களுக்கும் அதே வசதியைக் கொண்டுசேர்க்கும் நோக்குடையது. அதுவரை கைபேசிக் கோபுரத்தை நம்பும் ஊர்களில், கூட்டம் சேரச் சேர ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்வதால் இறுதி ஆட்டத்தன்று வேகம் சரியும். ஆகவே அளந்து கண்ட வேகத்தில் பாதிக்கு மேல் நேரலைக்கு ஒதுக்காமலிருப்பதே பாதுகாப்பு.

இன்று வாங்கப்போகும் ஒருவருக்குத் தனிக் கணினி இன்றியமையாததா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் தேவையில்லை என்பதே நேர்மையான பதில். என்விடியா நிறுவனம் 2012-இல் தன் கிராபிக்ஸ் சில்லுகளுக்குள் குறியாக்கத்துக்கென ஒரு தனிச் சுற்றைச் சேர்த்தது. தொடக்கத்தில் அதன் தரம் எக்ஸ்264-ஐ எட்டவில்லை. 2018-இல் வந்த டூரிங் தலைமுறை, நேரலைப் பிட் வீதங்களில் எக்ஸ்264-இன் நடுத்தர முன்னமைவோடு ஒப்பிடத்தக்க தரத்தை, விளையாட்டின் வேகத்தைப் பெரிதும் குறைக்காமலேயே தந்தது. 2022-இல் ஏவி1 என்ற புதிய, இன்னும் சிக்கனமான தரநிலையில் குறியாக்கும் சில்லுகள் கடைக்கு வந்தன. அடுத்த ஆண்டிலேயே யூடியூபுக்கு அந்த வடிவில் நேரலை அனுப்பும் வசதி ஓபிஎஸ்ஸில் சேர்ந்தது. இத்தகைய கார்டு ஏற்கெனவே இருப்பவர் இரண்டாவது கணினிக்குச் செலவிடுவதில் பொருளில்லை. கேம் கன்சோலிலிருந்து நேரலை செய்வோருக்கும், பழைய கிராபிக்ஸ் கார்டை மாற்ற வசதியில்லாமல் வீட்டில் இன்னொரு கணினி சும்மா இருப்போருக்கும், பல கேமராக்களுடன் மைதானத்தில் மணிக்கணக்காக இயங்க வேண்டியவர்களுக்கும் அது இன்றும் பொருள் பொதிந்த ஏற்பாடு. கேமராக்களை மாற்றும் கணினி ஒன்றும் குறியாக்கம் மட்டும் செய்யும் கணினி ஒன்றும் எனப் பிரித்துக்கொண்டால், மறுகாட்சி காட்டும்போது மென்பொருள் திணறினாலும் நேரலை அறுந்துபோவதில்லை.

எந்த அமைப்பு நல்லது என்பதை ஊகத்தால் முடிவு செய்யத் தேவையில்லை. ஆட்டத்தின் கடினமான ஒரு நிமிடத்தை, பெனால்டி கார்னர் அடிக்கப்படும் நிமிடம் அதற்கு மிகப் பொருத்தமானது, உயர்ந்த பிட் வீதத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, அதையே 4 மெகாபிட்டில் வெவ்வேறு முன்னமைவுகளிலும் வெவ்வேறு தெளிவுகளிலும் மீண்டும் மீண்டும் குறியாக்கி மூலத்தோடு ஒப்பிடலாம். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட விமாஃப் என்ற அளவுகோல், மனிதர்கள் அளித்த மதிப்பெண்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டு, ஒவ்வொரு சட்டகத்துக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகிறது. அந்த மதிப்பெண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஹாக்கியே சான்று: 20 லட்சம் புள்ளிகள் கொண்ட சட்டகத்தில் பந்துக்கு உரியவை பத்துக்கும் குறைவான புள்ளிகள் என்பதால், தளமும் வீரர்களும் கேலரியும் தெளிவாக இருந்து பந்து மட்டும் முற்றிலும் மறைந்துபோன சட்டகத்துக்கும் அது உயர்ந்த மதிப்பெண்ணே தரும். எனவே அளவுகோல் வடிகட்டித் தந்த இரண்டு மூன்று அமைப்புகளை ஒரு கைபேசித் திரையில், பார்வையாளர் பார்க்கும் அதே அளவில் ஓடவிட்டு, மட்டையிலிருந்து கோல் பலகை வரை பந்தின் பாதையை எந்த அமைப்பில் கண் இடையறாமல் பின்தொடர முடிகிறதோ அதையே ஆட்டத்தன்று பயன்படுத்த வேண்டும்.